பாக், மொசார்ட், பீத்தோவன்: மூவரையும் ஒரே தராசில் நிறுத்த முடியுமா?

கேள்வி: வெண்பலகை

"யார் பெரியவர்" என்ற பட்டியல்களில் முதல் மூன்று இடம் பெரும்பாலும் இந்த மூவருக்குத்தான். வரிசை மட்டும் மாறும். ஆனால் காரணம் சொல்லும்போது ஆளுக்கொரு தராசு வைக்கிறார்கள். பாக்குக்கு எண்ணிக்கையும் ஃபியூகும் (ஒரே தீமைக் குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துப் பின்னும் வடிவம்), மொசார்ட்டுக்குச் சிறுவயது மேதைமை, பீத்தோவனுக்குக் காது கேளாமை. இப்படி நிறுத்தால் யாரும் தோற்கப்போவதில்லை.

ஸ்கோரை (இசைக் குறிப்பேட்டை) ஓரளவு பின்தொடர முடியும், ஹார்மனியின் அடிப்படை தெரியும். அடுத்தடுத்து எந்தப் படைப்புகளைக் கேட்டால் வித்தியாசம் பிடிபடும்? எண்ணிக்கை, வயது, செல்வாக்கு ஆகியவற்றில் எதையாவது அளவுகோலாகக் கொள்ளலாமா?

பதில் 1: கீழ்ஸ்தாயி

எண்ணிக்கையை முதலில் தள்ளிவையுங்கள். அதை நம்பினால் பாக்கின் காலத்தவரான டெலிமான் மூவரையும் விழுங்கிவிடுவார். அவர் கணக்கு 3,000க்கு மேல். அட்டவணை எண்களும் ஒன்றோடொன்று ஒப்பிடக்கூடியவை அல்ல. மொசார்ட்டின் கெ. எண், 1862இல் கெஹெல் என்பவர் கால வரிசையில் போட்டது. 626ஆம் எண் ரெக்வியம் (இறந்தோருக்கான வழிபாட்டு இசை). பாக்கின் அட்டவணையான பி.டபிள்யூ.வி.யின் எண் வகை வரிசை. கான்டாட்டாக்கள் (குரலும் வாத்தியமும் சேர்ந்த பாடல் படைப்புகள்) முதலில் வருவதால் 1725இல் எழுதிய ஒன்றுக்கு எண் 1. பீத்தோவனின் ஓபஸ் எண் பெரும்பாலும் அச்சேறிய வரிசை. அவருடைய "இரண்டாம்" பியானோ கான்செர்ட்டோ (ஓபஸ் 19) "முதலாவது" கான்செர்ட்டோவுக்கு (ஓபஸ் 15) முன்பே தொடங்கப்பட்டது. எண்ணைப் பார்த்து வளர்ச்சிப் படம் வரைந்தால் கோணலாகத்தான் வரும்.

அடுத்தவர் எழுதியதும் கணக்கில் கலந்திருக்கும். மொசார்ட்டின் 37ஆம் சிம்ஃபனி என்று வழங்கியது ஜோசப் ஹைடனின் தம்பி மிகையேல் ஹைடனுடையது. மெதுவான முன்னுரை மட்டும்தான் மொசார்ட் சேர்த்தது. பியானோ கற்கிறவர்கள் எல்லாரும் வாசிக்கும் "பாக்கின்" ஜி மேஜர் மினுவெட், கிறிஸ்டியன் பெட்ஸோல்டு எழுதியது.

வயதை ஓர் இடத்தில் மட்டும் பயன்படுத்தலாம். மொசார்ட் இறந்தபோது வயது 35, பத்து மாதம். மற்றவர்களையும் அதே வயதில் வெட்டிப் பாருங்கள். பாக் 1721 ஜனவரியில் நிற்பார். தனி வயலின் சொனாட்டாக்களும் பார்ட்டிட்டாக்களும் இருக்கும். வெல் டெம்பர்டு கிளாவியர் என்ற விசைப்பலகைப் படைப்பின் முதல் தொகுதி (1722), மேத்யூ பேஷன் (இயேசுவின் பாடுகளைச் சொல்லும் இசை), கோல்ட்பெர்க் வேரியேஷன்கள், பி மைனர் மாஸ் இருக்காது. பீத்தோவன் 1806 அக்டோபரில் நிற்பார். எரோய்க்கா (மூன்றாம் சிம்ஃபனி), ஃபிடெலியோ ஓபராவின் முதல் இரண்டு வடிவங்கள் கைவசம். ஐந்தாம் சிம்ஃபனி முதல் ஒன்பதாவது வரை எதுவும் கிடையாது, நான்கு வில் வாத்தியங்களுக்கான கடைசி குவார்டெட்டுகளும் கிடையாது. இந்த வெட்டில் மொசார்ட் தெளிவாக முன்னால் போகிறார். ஆனால் இது வேகத்தைத்தான் அளக்கிறது, எட்டிய உயரத்தை அல்ல.

காது கேளாமை வரலாற்றுச் செய்தி. பீத்தோவனின் கடைசி குவார்டெட்டுகளில் ஒன்றான ஓபஸ் 131இன் ஒரு பாரைக்கூட (தாள அலகைக்கூட) அது விளக்காது.

பதில் 2: நாற்குரல்

ஆளை ஒப்பிடாமல் சிக்கலை ஒப்பிடுங்கள். மூவரும் ஒரே வேலையை எடுத்துக்கொண்ட இடங்கள் சில இருக்கின்றன. அங்கே மட்டும்தான் தராசு நேராக நிற்கும்.

முதலில் ஃபியூக். பாக்கின் வெல் டெம்பர்டு கிளாவியர் முதல் தொகுதியிலிருந்து சி மைனர் ஃபியூகை (பி.டபிள்யூ.வி. 847) எடுங்கள். மூன்று குரல், 31 பார், இரண்டு பார் நீளத் தீம். தீம் நுழையும் ஒவ்வோர் இடத்தையும் பென்சிலால் குறியுங்கள். குறி இல்லாத இடங்களில் வருபவை இடைப்பகுதிகள். அவையும் தீமின் துணுக்குகளிலிருந்தே பின்னப்பட்டவை. தேவையற்ற பாகம் என்று எதையும் கழற்ற முடியாது.

பிறகு அதே தொகுதியின் சி ஷார்ப் மைனர் ஃபியூக் (849), அடுத்து பீத்தோவனின் ஓபஸ் 131 முதல் மூவ்மெண்ட். இரண்டுக்கும் சுருதி ஒன்று, இரண்டும் மெதுவான ஃபியூக். பாக்கில் ஐந்து குரல்கள் கீழிருந்து மேலே ஒன்றன்பின் ஒன்றாக ஏறுகின்றன; பீத்தோவனில் முதல் வயலினில் தொடங்கி செல்லோ வரை நான்கு குரல்கள் இறங்குகின்றன. பாக் வழியில் இன்னும் இரண்டு தீம்களைச் சேர்த்து மூன்றையும் பிணைத்து, சொந்த ஷட்ஜத்தில் வந்து நிறைவு செய்கிறார். பீத்தோவனுக்கு ஃபியூக் முடிவே அல்ல. ஏழு மூவ்மெண்ட்டுகள் இடைவெளியின்றி ஓடும் பெரிய கட்டடத்துக்கு அது வாசல். இங்கே யார் "மேல்" என்று கேட்டால், குரல்களின் பின்னலில் பாக். ஒரு பகுதியின் எடையை அடுத்த அரை மணி நேரத்தின் மீது சாய்த்து வைப்பதில் பீத்தோவன்.

மொசார்ட்டுக்கு ஜூபிடர் சிம்ஃபனியின் (கெ. 551, 1788) இறுதி மூவ்மெண்ட். முதல் நான்கு ஸ்வரங்கள் ச ரி ம க, சங்கராபரண ஸ்தானங்கள்தான். இன்னும் நான்கு தீம்கள் வருகின்றன; ஐந்தையும் தனித்தனியாக முணுமுணுக்கப் பழகிவிட்டுக் கேளுங்கள். மூவ்மெண்ட் முழுதும் சொனாட்டா நடையில், சில இடங்களில் வெறும் மெட்டும் துணையுமாகப் போகும். கோடாவில் (முடிவுப் பகுதியில்) ஐந்தும் ஒரே நேரத்தில் ஒன்றின் மேல் ஒன்றாக அமர்கின்றன, இடம் மாற்றி மாற்றி. அந்தப் பகுதி அரை நிமிடத்தைச் சுற்றித்தான். தீம்களைப் பழகாதவருக்கு அது வெறும் கொண்டாட்டச் சத்தமாகக் கேட்கும். இவ்வளவு கணக்கைப் போட்டுவிட்டு வியர்வையே காட்டாதது மொசார்ட்டின் திறமை; அவரைக் குறைவாக மதிப்பிடுவதற்கும் அதுவே காரணம் என்பது என் எண்ணம்.

இரண்டாவது வேரியேஷன், அதாவது ஒன்றையே மாற்றி மாற்றிச் சொல்வது. கோல்ட்பெர்கில் (1741) பலரும் தடுமாறுவது, தொடக்க ஏரியாவின் மெட்டைத் தேடுவதால். பாக் அதைத் தொடுவதே இல்லை. 30 வேரியேஷன்களும் 32 பார் கொண்ட கீழ்க்குரல் வரிசையின் மேல் நிற்கின்றன. இடதுகைக் கோட்டை மனப்பாடம் செய்துவிட்டுக் கேளுங்கள். 3, 6, 9 என்று 27 வரை ஒவ்வொரு மூன்றாவதும் கேனன், அதாவது ஒரு குரலை இன்னொன்று அப்படியே பின்தொடர்வது. பின்பற்றும் குரல் முதலில் அதே ஸ்வரத்தில், பிறகு ஒவ்வொரு படியாக விலகி ஒன்பதாம் ஸ்வரம் வரை போகும்.

டியாபெல்லி வேரியேஷன்களில் (ஓபஸ் 120, மொத்தம் 33) பீத்தோவன் நேர் எதிர். சாதாரண வால்ட்ஸ் ஒன்றை எடுத்து, தொடக்கத்தில் வரும் சின்னத் திருகல், திரும்பத் திரும்ப அடிக்கும் கார்டு போன்ற சில்லறைகளை மட்டும் பிரித்தெடுத்து வளர்க்கிறார். 22ஆவதில் மொசார்ட்டின் ஓபராவான டான் ஜியோவன்னியின் தொடக்கப் பாட்டு தலைகாட்டுகிறது. அவர் மொசார்ட்டைப் பார்த்துக் கண்ணடிக்கும் இடம் அது. மொசார்ட்டுக்கு கெ. 265ஐ (எளிய பாட்டொன்றின் மேல் எழுதிய பியானோ வேரியேஷன்கள்) வைத்தால் அநியாயம். சி மைனர் பியானோ கான்செர்ட்டோவின் (கெ. 491, 1786) இறுதிப் பகுதியை வையுங்கள். அதுவும் வேரியேஷன்தான், ஆனால் ஏ ஃபிளாட்டில் கிளாரினெட்டும் சி மேஜரில் ஓபோவும் மெட்டை வாங்கும்போது மேடையில் புதுப் பாத்திரம் நுழைந்ததுபோல இருக்கும்.

பதில் 3: அரைக்கட்டை

மேலே சொன்னது எல்லாமே வாத்திய இசை, அதிலும் ஃபியூகும் வேரியேஷனும். பாக்குக்கும் பீத்தோவனுக்கும் சாதகமான ஆடுகளம். மேடை நாடகத்தைக் கொண்டுவந்தால் கதையே மாறும். மொசார்ட்டின் ஓபராவான ஃபிகாரோவின் இரண்டாம் அங்க இறுதி 900 பார்களுக்கு மேல், சுமார் 20 நிமிடம், நடுவில் வசன இடைவெளி கிடையாது. இருவரில் தொடங்கி ஏழு பேர் வரை சேர்கிறார்கள். ஒவ்வொருவர் நுழையும்போதும் சுருதியோ வேகமோ மாறுகிறது, ஆனாலும் யார் யாரை ஏமாற்றுகிறார் என்பது இசையிலேயே புரிகிறது.

பீத்தோவனுக்கு ஓபரா ஒன்றே ஒன்று, ஃபிடெலியோ. 1805, 1806, 1814 என மூன்று வடிவம் தந்து, நான்கு ஓவர்ச்சர் (தொடக்க இசை) எழுதினார். குரலை அவர் வாத்தியம்போல நடத்துவார். ஒன்பதாம் சிம்ஃபனியின் இரட்டை ஃபியூகில் சோப்ரானோக்கள் உச்ச ஏ ஸ்வரத்தைப் பல பார்களுக்கு விடாமல் பிடிக்க வேண்டும். கொஞ்சம் களைத்த பாடகர் குழு அங்கே சுருதி இறங்கிவிடும். பாக் ஓபராவே எழுதவில்லை, ஆனால் பேஷன்களில் நாடகம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

வெண்பலகை

849ஐயும் ஓபஸ் 131ஐயும் கேட்டேன். ஒன்று பியானோ, இன்னொன்று நான்கு வில் வாத்தியம். இசையமைப்பை ஒப்பிடுகிறேனா, ஓசையையா என்று சந்தேகம் வருகிறது. ஜோசப் ஹைடனை எங்கே வைப்பது?

பதில் 4: கீழ்ஸ்தாயி

சந்தேகம் நியாயம். மூன்று விஷயங்கள் ஒப்பீட்டைக் கெடுக்கும். முதலாவது சத்தம்: இரண்டில் எது கொஞ்சம் கூடுதலோ அதுதான் "ஆழமாக" இருப்பதாகக் காது ஏமாறும், எனவே வால்யூமைச் சமன் செய்யுங்கள். இரண்டாவது சுருதி: பழைய வாத்தியக் குழுக்கள் பாக்கை ஏ = 415 ஹெர்ட்ஸில் வாசிப்பது வழக்கம், நவீனக் குழுக்கள் 440ஐ ஒட்டி. அரை ஸ்வர வித்தியாசம் நிறத்தையே மாற்றும். மூன்றாவது திரும்ப வாசித்தல்: பியானோ கலைஞர் க்ளென் கோல்டின் 1955 கோல்ட்பெர்க் பதிவு 38 நிமிடம்தான், ஏனென்றால் ரிப்பீட் எதையும் அவர் எடுக்கவில்லை. எல்லா ரிப்பீட்டும் எடுத்தால் அந்தப் படைப்பின் அளவே வேறு. டியாபெல்லியோடு நீளத்தை ஒப்பிடுமுன் இதைப் பாருங்கள்.

வாத்தியப் பிரச்சினை முற்றிலும் நீங்கிய ஜோடி வேண்டுமானால் மொசார்ட் கெ. 452 (1784), பீத்தோவன் ஓபஸ் 16. இரண்டும் பியானோ, ஓபோ, கிளாரினெட், ஹார்ன், பஸூன். இரண்டும் ஈ ஃபிளாட். இரண்டுக்கும் மெதுவான முன்னுரை. மொசார்ட்டில் மெட்டு ஐந்து பேருக்கும் சின்னச் சின்னத் துண்டாகப் பங்கிடப்படுகிறது. பீத்தோவனில் பியானோ முதலாளி. இந்தப் போட்டியில் இருபதுகளில் இருந்த பீத்தோவன் தோற்றுவிட்டார் என்றே சொல்வேன்.

ஹைடனை வைக்காமல் மொசார்ட்டையும் பீத்தோவனையும் பேசவே முடியாது. 1785இல் மொசார்ட் ஆறு குவார்டெட்டுகளை அவருக்குச் சமர்ப்பித்தார். அதில் ஒன்றான கெ. 464ஐ முன்மாதிரியாக வைத்து பீத்தோவன் ஓபஸ் 18 எண் 5 எழுதினார்: அதே ஏ மேஜர், இரண்டாவதாக மினுவெட், மூன்றாவதாக டி மேஜர் வேரியேஷன். ஹைடனின் ஓபஸ் 20 (1772) தொகுதியில் மூன்று குவார்டெட்டுகள் ஃபியூகில் முடிகின்றன. ஓபஸ் 20, கெ. 464, ஓபஸ் 18 என்று வரிசையாகக் கேளுங்கள். எல்லாமே நான்கு வில் வாத்தியங்களுக்கு என்பதால் ஓசை குறுக்கே வராது.

பதில் 5: மெட்ரோனோம்138

செல்வாக்கு பற்றி யாரும் தொடவில்லை. அதுவும் வழுக்கும் தரை. 1723இல் பாக்குக்குக் கிடைத்த லைப்சிக் தேவாலய இசைத் தலைவர் வேலைக்கு முதல் தேர்வு டெலிமான், அடுத்தது கிராப்னர்; இருவரும் வராததால்தான் பாக். 1737இல் விமர்சகர் ஷைபே பாக்கின் இசையைச் சிக்கலாகவும் பகட்டாகவும் இருப்பதாக அச்சில் குறை சொன்னார். சமகாலத்தார் வாக்கை எடுத்தால் பாக் மூன்றாமிடம்கூட நிச்சயமில்லை.

அதற்காக "மெண்டல்சன் 1829இல் மேத்யூ பேஷனை நடத்தும்வரை பாக்கை உலகம் மறந்திருந்தது" என்பதும் சரியல்ல. பொதுமக்கள் மறந்தார்கள், தொழில் தெரிந்தவர்கள் மறக்கவில்லை. 1782இல் வியன்னாவில் இசை ஆர்வலர் வான் ஸ்வீட்டன் வீட்டில் மொசார்ட்டுக்குப் பாக்கின் ஃபியூகுகள் கிடைத்தன. பான் நகரச் சிறுவன் பீத்தோவன் வெல் டெம்பர்டு கிளாவியரை வாசிக்கிறான் என்று அவன் ஆசிரியர் நேஃபே 1783இல் எழுதினார். அப்போது அது அச்சில்கூட வரவில்லை, கையெழுத்துப் படிகள்தான்.

பதில் 2இல் விட்டுப்போன ஒன்றைச் சேர்க்கிறேன். பீத்தோவனின் ஃபியூக் என்றால் க்ரோஸ ஃபூகவைத் தவிர்க்கக் கூடாது. 741 பார், கால் மணி நேரத்துக்கு நான்கு வாத்தியங்களும் மூச்சு விடாது. முதலில் அது ஓபஸ் 130 குவார்டெட்டின் இறுதி மூவ்மெண்ட். பதிப்பாளர் தரப்பு தயங்கியதால் தனியாகப் பிரிந்து ஓபஸ் 133 ஆனது. அந்த இடத்துக்கு 1826இல் எழுதிக் கொடுத்த எளிதான மாற்று இறுதிதான் அவர் முடித்த கடைசி மூவ்மெண்ட். பதிவு வாங்கும்போது இரண்டு முடிவுகளும் இருக்கிறதா என்று பாருங்கள். ஓபஸ் 130ஐ ஒரு நாள் ஃபியூகோடும் மறுநாள் மாற்று முடிவோடும் கேளுங்கள். முந்தைய ஐந்து மூவ்மெண்ட்டுகளில் ஒரு ஸ்வரம்கூட மாறியிருக்காது, ஆனால் முடிவுக்கு முன்னால் வரும் மெதுவான ஐந்தாம் மூவ்மெண்ட்டான கவாட்டினாவின் எடை இரண்டு நாளும் ஒன்றாக இருக்காது.