சிடி டிரைவ் செத்துப்போன லேப்டாப்பில் லினக்ஸ் ஏற்ற வழி உண்டா?

வணக்கம். வீட்டில் பழைய லேப்டாப் ஒன்று சும்மா கிடக்கிறது. 2 ஜிபி ரேம், 32 பிட் புராசசர். மகள் தமிழில் தட்டச்சு பழகட்டுமே என்று லினக்ஸ் போட இறங்கினேன். மூன்று ராத்திரி போனதுதான் மிச்சம்.

சிடி டிரைவில் வட்டை வைத்துத் தள்ளினால் இரண்டு முறை கரகரவென்று சுற்றிவிட்டு அடங்கிவிடுகிறது. சரி, பென்டிரைவ் இருக்கிறதே என்று டெபியன் 12 என்ற லினக்ஸ் வகையை அதில் ஏற்றிச் செருகினேன் (13-இல் 32 பிட்டுக்கு இன்ஸ்டாலரே கிடையாது). கணினியைத் தொடக்கிவைக்கும் பயாஸ் மென்பொருளின் பூட் பட்டியலில் (எதிலிருந்து தொடங்குவது என்ற பட்டியல்) யுஎஸ்பி என்ற பேச்சே இல்லை. ஹார்ட் டிஸ்க், சிடி, நெட்வொர்க், அவ்வளவுதான்.

ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி, யுஎஸ்பி உறையில் போட்டு, மனைவியின் கணினியில் செருகி அங்கேயே நிறுவிவிட்டுத் திரும்ப மாட்டலாமா? 2.5 அங்குல சாட்டா டிஸ்க்தான். நேற்று சிம் லிம் ஸ்குவேர் போய் உறையும் வாங்கிவிட்டேன். ஆனால் லினக்ஸைத் தொடக்கிவிடும் கிரப் நிரல் தவறிப்போய் மனைவியின் டிஸ்க்கில் உட்கார்ந்துவிட்டால் எனக்கு ராத்திரிச் சோறு கிடையாது. அவருடைய கணினி பயாஸுக்குப் பின் வந்த யுஇஎஃப்ஐ வகை, இதுவோ பழைய பயாஸ். அங்கே நிறுவியது இங்கே பூட் ஆகுமா? நிறுவும்போது அவர் டிஸ்க்கைக் கழற்றி வைத்துவிடுவதுதான் நல்லதா?

இல்லை, கேபிள் போட்டு நெட்வொர்க் வழியாகவே பூட் செய்வது இதைவிட எளிதா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள். யீஷூன் பக்கம் யாராவது இருந்தால் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு நானே வருகிறேன், கோப்பிக்கடையில் தே என் செலவு.