மறு: ரிக்வயர்மென்ட் – ‘தேவை’ என்றே இருக்கட்டுமே?

> ‘தேவை’ என்று எளிய சொல் இருக்க, புதிதாக ஒன்று எதற்கு?

ஐயா, மென்பொருள் என்ன செய்ய வேண்டும் என்று எழுதிவைக்கிற ‘ரிக்வயர்மென்ட்’டுக்குத் (requirement) தமிழில் நானும் பல வருடம் ‘தேவை’ என்றுதான் எழுதி வந்தேன். மளிகைக்கடை ஒன்றுக்கு பில் மென்பொருள் செய்தபோதுதான் இடித்தது. “பில் போடும்போது பழைய பாக்கி தெரியணும்” என்றார் முதலாளி. நாங்களும் குறித்துக்கொண்டு, பில்லின் அடியில் பாக்கியை அச்சடித்துவிட்டோம். முதல் வாரமே ஒருவருடைய பாக்கி, கூட வந்த சம்பந்தியின் கண்ணில் பட்டுவிட்டது. கடையில் ஒரே சத்தம். கல்லாவில் இருப்பவருக்குத் தெரிந்தால் போதும் என்பதுதான் முதலாளியின் எண்ணம். ‘யாருக்குத் தெரியணும்?’ என்று நாங்கள் கேட்கவே இல்லை.

அவர் மனத்தில் இருந்தது தேவை. “பழைய பாக்கி கல்லாத் திரையில் மட்டும் தெரியும், பில்லில் அச்சாகாது” என்று இரு தரப்பும் ஒப்புக்கொண்டு எழுதியிருந்தால், அது ரிக்வயர்மென்ட்.

தேவை போனபின்னும் ரிக்வயர்மென்ட் தங்கிவிடுவதும் உண்டு. ஐரோப்பாவின் ஏரியான் 5 ராக்கெட்டின் வழிகாட்டும் கருவியில், அதற்கு முந்தைய ஏரியான் 4-இன் மென்பொருளையே போட்டிருந்தார்கள். ஏவுமுன் செய்கிற சீரமைப்புக் கணக்கு, கிளம்பிய பிறகும் சுமார் 40 விநாடி ஓட வேண்டும் என்பது பழைய ராக்கெட்டுக்கு எழுதிய நிபந்தனை. புதியதற்கு அது வேண்டியதே இல்லை, யாரும் எடுக்கவில்லை. 1996 ஜூன் 4 அன்று, புது ராக்கெட்டின் கிடைவேகம் கூடுதலாக இருந்ததால், அந்தக் கணக்கில் 64 பிட் அளவில் இருந்த ஓர் எண், அதைவிடச் சிறிய 16 பிட் இடத்துக்குள் அடங்கவில்லை. வழிகாட்டும் கருவி, அதற்கு மாற்றாக வைத்திருந்த கருவி இரண்டும் நின்றன, ராக்கெட் சிதறியது. இதைத் ‘தேவையில்லாத தேவை’ என்றா எழுதுவது?

சரி, என் முன்மொழிவு: வேண்டுகூறு. ஊறுகாய் மாதிரி வினைத்தொகை, நடுவில் ‘க்’ போட்டுவிடாதீர்கள். ‘கூறு’ என்றால் பகுதி. வினையாக வந்தால் ‘சொல்லு’ என்றும் பொருள். ரிக்வயர்மென்ட்ஸ் டெஃபனிஷன் ‘வேண்டுகூறு வரையறை’ ஆகிவிடும். ‘தேவைப்பாடு’ என்று வைக்கலாமே என்றால், அது எனக்கு ஒட்டவில்லை. தேவையின் வாடை அதிலும் போகவில்லை. ‘வேண்டுகோள்’ என்பதோடு குழம்பும் என்ற கவலை நியாயம்தான். ஆனால் இரண்டும் ஒரே வரியில் வரும் இடம் குறைவு.

அப்புறம், மென்பொருள் என்ன செய்யணும் என்பதை விட்டு, அதை எப்படிச் செய்யணும் என்று சொல்கிற நான்-ஃபங்ஷனல் ரிக்வயர்மென்ட்டை என்ன செய்வது? வேகம், பாதுகாப்பு இதையெல்லாம் ‘செயல்சாரா’ என்றால் சிரிப்பார்கள். ‘பண்புசார் வேண்டுகூறு’ என்று இப்போதைக்கு எழுதிப் பார்க்கிறேன். இதைவிட நல்லதாக யாரிடமாவது இருக்கிறதா?