வெஜ் பிரியாணியில் எலும்பு: "நாங்கள் இடைத்தரகர்தான்" என்று ஆப்காரர்கள் கைகழுவ முடியுமா?

தயிர்சாதம் கேட்டது:
வணக்கம். சனிக்கிழமை இரவு ஒரு டெலிவரி ஆப்பில் அம்மாவுக்கு வெஜ் பிரியாணி ஆர்டர் செய்தேன். டப்பா மேல் பச்சைப் புள்ளி ஸ்டிக்கர்கூட இருந்தது. நாலு வாய் சாப்பிட்டிருப்பார், பல்லில் ஏதோ கடிபட்டது. எடுத்துப் பார்த்தால் சுண்டுவிரல் அளவுக்குக் கோழி எலும்பு. முட்டைகூடத் தொடாதவர், அன்றிரவு தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

சாட்டில் கேட்டால், "உணவுக்கு ஓட்டல்தான் பொறுப்பு" என்று 100 ரூபாய் கூப்பன் தள்ளிவிட்டார்கள். பில் 286 ரூபாய். ஓட்டல் முகவரிக்கு நேரில் போனேன். பெயர்ப்பலகை இல்லாத ஒரு ஷட்டர்தான் இருந்தது. யாரைப் பிடிப்பது?

மழைக்காகிதம்:
மிச்சத்தை ஃப்ரிட்ஜில் வைத்து லேபில் கொடுத்து டெஸ்ட் எடுங்கள். உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் வாங்கியவருக்கே அந்த உரிமை இருக்கிறது.

பழைய குமாஸ்தா:
உரிமை இருப்பது உண்மை, 40ஆம் பிரிவு. ஆனால் பரிசோதனைக்குக் கொடுக்கப் போகிறேன் என்று வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்லியிருக்க வேண்டும். பசியோடு ஆர்டர் போடுகிறவர் யார் அதைச் சொல்வார்? தவிர, இங்கே தகராறு எலும்பா இல்லையா என்பதில் இல்லை. ஸ்டிக்கரும் எலும்பும் ஒரே படத்தில் தெரிந்தால் அதுவே பெரிய சாட்சி. எடுத்திருக்கிறீர்களா?

சாட்டில் சண்டை போடுவதை இன்றோடு விடுங்கள். 2020 ஜூலையில் வந்த நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள் இந்த ஆப்களுக்கும் பொருந்தும். குறைதீர் அலுவலர் ஒருவரை வைத்து, அவர் பெயரையும் தொடர்பு விவரத்தையும் தளத்தில் போட்டிருக்க வேண்டும். புகாரை 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகச் சொல்லி, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். புகாருக்கு டிக்கெட் எண்ணும் தர வேண்டும். அவருக்கு மின்னஞ்சல் எழுதுங்கள்: ஆர்டர் எண், படம், சாட் ஸ்கிரீன்ஷாட், கூப்பன் வேண்டாம் பணம்தான் வேண்டும் என்று ஒரு வரி. கோபத்தைக் கொட்டாமல் எழுதினால் வேலை நடக்கும்.

அசையாவிட்டால் 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே, இ-ஜாக்ரிதி தளம் வழியாக ஆன்லைனில் போடலாம். வாங்கியதற்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. ஆப், ஓட்டல் இரண்டையும் எதிர்த்தரப்பாகச் சேருங்கள். யார் பொறுப்பு என்பதை அவர்கள் ஆணையத்தின் முன்னால் அடித்துக்கொள்ளட்டும். 2 வருஷம் அவகாசம் இருக்கிறது.

அடுப்படி ஆள்:
நானும் ஒரு கிளவுட் கிச்சன் (உட்கார்ந்து சாப்பிட இடமில்லாத, டெலிவரிக்கு மட்டுமே சமைக்கும் இடம்) நடத்துகிறேன், அதனால் ஷட்டர் கதை புரிகிறது. ஒரே அடுப்பில் நாலு பெயரில் விற்பார்கள். பெயரை விடுங்கள், உரிம எண்ணைப் பிடியுங்கள். ஆப்பில் அந்த ஓட்டல் பக்கத்தின் அடியில் 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ (மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) எண் இருக்கும். 2022 ஜனவரியிலிருந்து பில்லிலும் அது இருந்தாக வேண்டும். அதை ஃபாஸ்காஸ் என்ற அவர்களுடைய உரிமத் தளத்தில் போட்டுப் பாருங்கள், உரிமம் யார் பெயரில் என்று தெரிந்துவிடும். எண் காலாவதி ஆகியிருந்தால் ஆப்காரருக்குத்தான் தலைவலி.

அப்புறம் ஒரு விஷயம். அசைவக் கரண்டியை வெஜ் அண்டாவில் விடுவதால்தான் பெரும்பாலும் இப்படி ஆகிறது. ஆனால் முழு எலும்பு என்றால் டப்பா மாறிய மாதிரிதான் தெரிகிறது. உணவுப் பாதுகாப்புத் துறைக்கும் ஒரு புகார் போடுங்கள். நுகர்வோர் ஆணையம் உங்களுக்கு இழப்பீடு தரும், சமையற்கட்டுக்குள் போய்ப் பார்ப்பது அந்த அதிகாரிதான்.

தயிர்சாதம்:
நன்றி. நல்லவேளை, தங்கை டப்பாவையும் எலும்பையும் சேர்த்துப் படம் எடுத்திருந்தாள். மின்னஞ்சல் அனுப்பிய மறுநாள் டிக்கெட் எண் வந்தது, நாலாம் நாள் 286 ரூபாயும் கணக்கில் ஏறியது. அம்மாவுக்கு நேர்ந்ததற்கு இழப்பீடு கேட்டதற்கு மட்டும் பதில் இல்லை, அதனால் ஆணையத்துக்குப் போகப்போகிறேன். அந்த 100 ரூபாய் கூப்பன் இன்னும் ஆப்பில் கிடக்கிறது. பயன்படுத்தலாமா?

பழைய குமாஸ்தா:
தொடாதீர்கள். சமரசத்துக்கு ஒப்புக்கொண்டார் என்று பதில் மனுவில் முதல் வரியாக அதைத்தான் எழுதுவார்கள்.