வெர்மீரின் முத்துத் தோடணிந்த பெண்: நகலில் முத்து ஏன் பொத்தான் மாதிரி வருகிறது?

கேள்வி:
17-ஆம் நூற்றாண்டு டச்சு ஓவியர் வெர்மீர் வரைந்த இது, ஒருமுறை பார்த்தாலே மனதை விட்டு அகலாத முகம். ஆனால் எண்ணெய் வண்ணத்தில் நகல் எடுத்தால் மூன்று இடங்களில் உயிர் போய்விடுகிறது. முத்து சட்டைப் பொத்தான் மாதிரி வருகிறது. மூக்கு வெட்டி ஒட்டியதுபோல் நிற்கிறது. பின்னணி, அழித்த கரும்பலகை போல வெளிறிப்போகிறது. கித்தான் அசலின் அளவுதான், 44.5 × 39 செ.மீ. வண்ணங்கள்: டைட்டானியம் வெள்ளை, ஐவரி கறுப்பு, அல்ட்ராமரின், காட்மியம் சிவப்பு. பிழை எங்கே?

பதில் 1:
முத்தை வட்டம் போட்டு நிரப்பியிருப்பீர்கள். அசலில் வட்டமே கிடையாது, காதில் மாட்டும் கொக்கியும் கிடையாது. மேலே இடப்பக்கம் கெட்டியாக ஒரு வெள்ளைப் பொட்டு. அடியில், வெள்ளைக் கழுத்துப்பட்டையின் ஒளி பட்ட மங்கலான ஒரு தீற்றல். மீதி எல்லாம் கழுத்தின் நிழல்தான், முத்தாக்கிக்கொள்வது நம் கண்.

முதலில் கழுத்து நிழலை முழுசாக முடித்து, தொட்டால் ஒட்டாத அளவுக்குக் காயவிடுங்கள். பிறகு கிட்டத்தட்ட உலர்ந்த தூரிகையால் அடித் தீற்றல், ஓரம் கரைந்துபோகும்படி. டைட்டானியம் அடியில் இருப்பதை மூடிவிடும். இந்த ஓரிடத்துக்கு மட்டும் துத்தநாக வெள்ளை எடுங்கள், அடியில் உள்ளது தெரியும். அதையே படம் முழுக்கப் பூசினால் நாளடைவில் வெடிப்பு விடும். மேல் பொட்டைக் கடைசியில், ஒரே தொடுதலில் வையுங்கள். திருத்தப்போனால் கெட்டது.

பழைய அச்சுப்படத்தைப் பார்த்து வரைகிறீர்களா? அதில் முத்தின்மேல் கூடுதலாக ஒரு மினுக்கு தெரியும். அது பெயர்ந்து ஒட்டிக்கொண்ட வண்ணச் சில்லு என்று 1994 சீரமைப்பில் தெரியவந்து, நீக்கிவிட்டார்கள்.

பதில் 2:
பின்னணி கறுப்பே அல்ல. ஹேக் நகரின் மௌரிட்சுஹௌஸ் அருங்காட்சியகம் 2018-இல் படத்தை ஆராய்ந்து, 2020-இல் முடிவை வெளியிட்டது. அங்கே மடிப்புகளோடு ஒரு பச்சைத் திரை இருந்திருக்கிறது. கருமையான அடிப்பூச்சின்மேல் அவுரி நீலமும் வெல்ட் செடியின் மஞ்சளும் கலந்த, அடியில் உள்ளது ஊடுருவித் தெரியும் மெல்லிய பூச்சு. இரண்டும் வெளிச்சத்தில் மங்கும் சாயங்கள், அதனால்தான் இன்று இருட்டாகத் தெரிகிறது. நகலுக்கும் இந்த இரண்டடுக்கு வேண்டும்.

அடிப்பூச்சில் இரண்டு பங்கு ஐவரி கறுப்புக்கு ஒரு பங்கு அம்பர் (மண்பழுப்பு வண்ணம்) சேருங்கள். தனிக் கறுப்பு மிக மெதுவாகக் காயும், அம்பர் அதை விரைவுபடுத்தும். இந்த அடுக்கில் எண்ணெய் குறைவாக இருக்கட்டும். நன்றாகக் காய்ந்தபின் ஊடுருவும் பச்சையை ஆளிவிதை எண்ணெயில் இளக்கி மெல்லியதாக இழுங்கள். அவசரப்பட்டால் மேல்பூச்சு அடியைக் கரைத்து இழுத்துவிடும். அல்லது பிற்பாடு மேலே விரிசல் விடும்.

மூக்குக்கு வருவோம். நம் பார்வைக்கு இடப்பக்கம் மூக்குத்தண்டுக்கும் கன்னத்துக்கும் நடுவே கோடு இல்லை. இரண்டும் ஒரே ஒளியில் ஒரே நிறமாகக் கலக்கின்றன. அங்கே பென்சில் கோடு இருந்தால் இப்போதே அழித்துவிடுங்கள். மூக்கை நிறுத்துவது வலப்பக்க நிழல் மட்டுமே.

பதில் 3:
உதட்டை விட்டுவிட்டீர்களே! வாயோரத்தில் ஈரம் மினுங்குவதுபோல் ஒரு சின்ன ஒளிப்பொட்டு இருக்கிறது, அதுவும் 1994-இல்தான் வெளிப்பட்டது. அது இல்லாவிட்டால் வாய் காய்ந்து தெரியும். காட்மியம் சிவப்பு தனியாக நின்றால் உதட்டுச்சாயம் மாதிரி இருக்கும், காய்ந்தபின் மேலே ரோஸ் மேடர் என்ற ஊடுருவும் சிவப்பை மெல்லியதாக ஒரு கை போடுங்கள். உதட்டின் வெளிவிளிம்பை விரலால் லேசாக ஒற்றிக் கரைத்துவிடுங்கள்.