இத்தாக்காவில் நாலு நாள், முட்டிவலி அம்மாவோடு: யோசனை சொல்லுங்கள்

நட்புகளுக்கு வணக்கம். தங்கை அமெரிக்காவில், இத்தாக்கா ஊரில் உள்ள கார்னெல் பல்கலைக்கழகத்தில் முதுகலை சேர்ந்திருக்கிறாள். அக்டோபர் நடுவில் நானும் அம்மாவும் நியூயார்க்கிலிருந்து பஸ் பிடித்து இத்தாக்கா போகிறோம்.

அவள் அனுப்பும் படங்களைப் பார்த்து எனக்கே பொறாமை. வகுப்புக்குப் போகிற வழியில் பாலம், பாலத்துக்குக் கீழே அருவி! மேட்டில் நின்றால் கயூகா ஏரி. இலைகள் நிறம் மாறும் நேரம் வேறு.

சிக்கல் அம்மாவின் முட்டிவலிதான். கடைத்தெருவிலிருந்து வளாகத்துக்கு ஏறும் காஸ்கடில்லா பள்ளத்தாக்குப் பாதையில் நிறையக் கல்படி, அதை விட்டுவிட்டோம். டகானக் அருவி 215 அடி, நயாகராவைவிட உயரம். அதன் அடிவாரம் வரை பாதை சமதளம்தான், ஆனால் ஒரு வழிக்கே முக்கால் மைல். வயதானவர்களைக் கூட்டிப் போனவர்கள் இருக்கிறீர்களா? நடுவில் உட்கார இடம் உண்டா? இல்லை, மேலே சாலையோரப் பார்வையிடத்தோடு திரும்பிவிடலாமா?

அப்புறம், கார் இல்லாமல் ஊர்ப் பஸ்ஸை நம்பிச் சுற்ற முடியுமா? ஏரிக்கரை உழவர் சந்தைக்கு எத்தனை மணிக்குப் போனால் கூட்டம் குறைவு? குளிர் எப்படி? ஒரு சால்வை போதும் என்கிறார் அம்மா. நீங்கள் சொன்னால் கேட்பார்.