டொராண்டோ பனியில் குருவிக்கு என்ன வைக்கலாம்?

ஆயர்ஈத்தாம்வாசி:
டிசம்பரில் டொராண்டோவில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போகிறேன். பின்கட்டு முழுக்கப் பனி மூடினாலும் குருவிகள் வந்துகொண்டே இருக்குமாம். இங்கே பினாங்கில் மைனாவுக்குச் சோறு போட்டே பழகியவன். அங்கே என்ன வைப்பது?

குருவிப்பித்தன்:
சோறு, ரொட்டியெல்லாம் வேண்டாம் அண்ணே, குளிரில் அதுகளுக்குக் கொழுப்புதான் உயிர். கறுப்புச் சூரியகாந்தி விதை வாங்குங்கள், தோல் மெல்லிசு, எண்ணெய் அதிகம், அப்புறம் சூயட் என்று மாட்டுக்கொழுப்புக் கட்டி கிடைக்கும் (நம் ஊர் வெயிலில் உருகி வழிந்துவிடும், அங்கே கல்லாக நிற்கும்). கருந்தலை சிக்கடீ என்று ஒன்று வரும் பாருங்கள், எடை சுமார் 11 கிராம்தான், கடுங்குளிர் இரவில் உடம்புச் சூட்டைப் பல டிகிரி இறக்கிக்கொண்டு தாக்குப்பிடித்து, விடிந்ததும் அகோரப் பசியோடு வந்து நிற்கும். காலையில் தட்டு காலியாக இருக்கக்கூடாது.

தாமான்_அக்கா:
தட்டை ஜன்னலிலிருந்து 1 மீட்டருக்குள் வையுங்கள், இல்லாவிட்டால் 9 மீட்டருக்கு அப்பால். நடுவில் வைத்தால் வேகமாகப் பறந்து வந்து கண்ணாடியில் மோதிச் செத்துப்போகும். தண்ணீரும் வேண்டும், உறையாமல் இருக்க கிளிசரின் மட்டும் கலக்காதீர்கள், இறகு ஒட்டிக்கொள்ளும். சூடேற்றும் தொட்டியே விற்கிறார்கள்.

ஆயர்ஈத்தாம்வாசி:
மாட்டுக்கொழுப்பா! மகள் சுத்த சைவம், வாசலிலேயே நிறுத்திவிடுவாள்.

குருவிப்பித்தன்:
சரி, உப்பில்லாத வறுத்த நிலக்கடலை வையுங்கள். அணில் பங்கு கேட்கும், அதன் பங்கையும் சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள்.