புயலுக்குப் பிறகு சபைகளுக்கு நிவாரணம்: பட்டியலை யார் எழுதுவது?

திருச்சியிலிருந்து, முன்னாள் குருசேகரச் (பல கிறிஸ்தவ சபைகள் சேர்ந்த வட்டம்) செயலர்:

2018 நவம்பர் 16, வெள்ளிக்கிழமை விடியுமுன்பே கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையேறிவிட்டது. காலையில் பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்துச் சபைகளுக்குப் போன் போட்டுப் பார்த்தேன். ஒரு நம்பரும் போகவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் ஒரு உபதேசியார் (கிராமச் சபையைக் கவனிக்கும் ஊழியர்) சிக்னல் கிடைக்கிற இடம் தேடி டூவீலரில் வந்து பேசினார். "ஸ்தோத்திரம் ஐயா. கோயில் கூரை போயிருச்சு. சனம் உசுரோட இருக்கு. தார்ப்பாய் அனுப்புங்க, அரிசி அப்புறம் பாத்துக்கலாம்."

தேவை என்ன என்று அவர் ஒரே வரியில் சொல்லிவிட்டார். நாங்கள்தான் காதில் வாங்கவில்லை. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அறிவிப்புக் கொடுத்தோம். இருட்டுவதற்குள் ஹால் நிறைய அரிசி, பிஸ்கட், பிரெட், பழைய புடவை. தார்ப்பாய் மொத்தம் பன்னிரண்டு. மூன்று மாதம் முன்னால்தான் கேரள வெள்ளத்துக்கு லாரி ஏற்றி அனுப்பியிருந்தோம், அதனால் வேலை தெரியும் என்று நினைத்துவிட்டோம். கேரளத்துக்கு ஏற்றி அனுப்பியதோடு எங்கள் பொறுப்பு முடிந்தது. யார் வீட்டில் எது இறங்கியது என்று நாங்கள் பார்க்கவே இல்லை. இங்கே இறக்கி, பிரித்து, கையில் கொடுக்கிற வரைக்கும் நம் வேலை.

திங்கட்கிழமை லாரி போனது. பட்டுக்கோட்டை தாண்டியதும் இரண்டு பக்கமும் தென்னை, வேரோடு, எல்லாம் ஒரே திசையில் தலை வைத்துக் கிடந்தது. மெயின் ரோட்டில் இருந்த சபைக்கு எங்களுக்கு முன்பே மூன்று வண்டி வந்திருந்தது. உபதேசியாரின் சபை அங்கிருந்து ஆறு கிலோமீட்டர் உள்ளே. வழியில் மின்கம்பம் விழுந்து கிடந்ததால் லாரி போகாது என்றார் டிரைவர். எனக்கும் இருட்டுவதற்குள் திரும்பிவிட வேண்டும் என்ற அவசரம். மெயின் ரோட்டுச் சபையிலேயே முழுச் சரக்கையும் இறக்கச் சொன்னேன். பிரெட் ஏற்கெனவே மிஞ்சிப்போய்க் கிடந்த இடத்தில் இன்னும் பிரெட். அது நான் செய்த தவறு. இத்தனை வருடம் கழித்தும் உறுத்துகிறது.

உபதேசியார் வந்து அந்தப் பன்னிரண்டு தார்ப்பாயை மட்டும் கேட்டு வாங்கி வண்டியில் கட்டிக்கொண்டார். பிறகு சட்டைக்குள்ளிருந்து ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்தார். நனைந்து காய்ந்து உப்பிப்போயிருந்தது. பக்கத்துக்கு இரண்டு வீடு. குடும்பத் தலைவர் பெயர், தலைக்கட்டில் எத்தனை பேர், கூரை கீற்றா ஓடா ஷீட்டா, நிறைமாதக்காரி இருக்கிறாளா, சுகர் மாத்திரை போடுகிறவர் யார். ஒரு வீட்டுக்கு நேரே "ஆடு 3, மூணும் போச்சு" என்று எழுதி அடிக்கோடு போட்டிருந்தார்.

அவர் சபையில் முப்பத்தெட்டுக் குடும்பம். நோட்டில் எழுபத்தொன்று. "ஐயா, மீதிப் பேர் நம்ம சபை இல்லையே?" என்று கேட்டேன். "முப்பத்தெட்டு வீட்டுக்கு மட்டும் கொடுத்துட்டு நீங்க திருச்சிக்குப் போயிருவீங்க. நான் நாளைக்கும் அதே தெருக்குழாயிலதான் தண்ணி பிடிக்கணும்" என்றார்.

அந்த நோட்டை ஜெராக்ஸ் எடுத்து எங்கள் கமிட்டி முன் வைத்தபோது பேச்சு தடித்தது. சபைக்காரர்களுக்கென்று கொடுத்த காணிக்கையை ஊருக்கே பிரிக்கலாமா என்று ஒருவர் கேட்டார். கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. கொடுத்தவர்களிடமே போய்க் கேட்போம் என்று முடிவானது. கேட்டோம்; ஒருவர்கூட மறுக்கவில்லை. ஆலயத்தைப் பழுதுபார்க்கத் தனிக் கணக்கு, வீட்டுச் சாமான் தெரு முழுக்க என்று பிரித்துக்கொண்டோம்.

அதற்குப் பிறகு சரக்கைப் பற்றி நாங்கள் யோசிக்கவில்லை, நோட்டு சொன்னதை மட்டும் வாங்கினோம். முதலில் தார்ப்பாய், கொசுவலை, மெழுகுவத்தி, தண்ணீர் பிடிக்க டிரம். ஆனால் ஜெனரேட்டருக்கும் டீசலுக்கும் போட்ட காசைத்தான் நல்ல செலவு என்பேன். ஒரு லட்சத்துக்கும் மேல் மின்கம்பம் விழுந்திருந்தது. கேரளத்திலிருந்தெல்லாம் மின்வாரிய ஆட்கள் வந்து வேலை பார்த்தும் உட்கிராமங்களுக்குக் கரண்ட் வர வாரக்கணக்கானது. வாடகை ஜெனரேட்டரை டாடா ஏஸில் ஏற்றி, ஊருக்கு இரண்டு மணி நேரம் என்று முறை வைத்தோம். மேல்நிலைத் தொட்டி நிரம்பும், போன் சார்ஜ் ஏறும். வெளியூரில் இருக்கிற பிள்ளைகளிடம் பேசிவிட்டாலே பாதிப் பேர் தெளிந்துவிடுவார்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். விழுந்த தென்னை ஒன்றுக்கு 600 ரூபாயும், அதை வெட்டி அகற்ற 500 ரூபாயும் என்று அரசு அறிவித்தது. மரத்தின் சொந்தக்காரருக்கு அது போகும். தேங்காய் உரிக்கிறவர், மரம் ஏறுகிறவர், கீற்று முடைகிற பெண்கள்? அவர்கள் பெயரில் ஒரு மரமும் இல்லை, எந்தப் பட்டியலிலும் அவர்கள் வரவில்லை. புதுக் கன்று காய்க்க ஐந்தாறு வருடமாவது ஆகும். அதுவரை அவர்களுக்குக் கூலி கிடையாது. எங்கள் சபைக் குடும்பங்களில் பெரும்பாலானவர்கள் இவர்கள்தான்.

தூத்தூர்ப் பக்கத்திலிருந்து, அன்பியத்தில் (கத்தோலிக்கப் பங்கில் அக்கம்பக்கக் குடும்பங்கள் கூடும் குழு) இருக்கும் ஒரு பெண்:

நீங்கள் பட்டியல் என்று எழுதியதைப் படித்ததும் எனக்கு ஒக்கிப் புயல்தான் கண்முன் வந்தது. 2017 நவம்பர் 30. எங்கள் பட்டியல் அரிசிக்கானதல்ல, ஆளுக்கானது. ஆழ்கடலுக்குப் போனவர் பெயர், படகின் பெயர், எண், எந்தத் துறைமுகத்திலிருந்து, எந்தத் தேதியில் போனார் என்று பங்குக் கோயிலில் உட்கார்ந்து எழுதினோம். எங்கள் ஊர்கள் குமரி மாவட்டம், கத்தோலிக்கத் திருச்சபைக் கணக்கில் மறைமாவட்டமோ திருவனந்தபுரம். படகுகள் பலதும் கேரளத் துறைமுகத்திலிருந்து போனவை. அதனால் ஒரே பெயரை இரண்டு மாநிலத்துக்கும் கொடுக்க வேண்டியிருந்தது. அதிகாரிகள் சொன்ன எண்ணிக்கையும் ஃபாதர் கையில் இருந்த எண்ணிக்கையும் ஒருநாளும் ஒத்துப்போகவில்லை. டிசம்பர் 7 அன்று குழித்துறையில் சனம் தண்டவாளத்தில் உட்கார்ந்து மறியல் செய்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

லட்சத்தீவு, மகாராஷ்டிரா, குஜராத் என்று படகுகள் ஒதுங்கிய செய்தி வர வர, பெயருக்கு நேரே கோடு போடுவோம். ஒரு வீட்டுக்குப் போனபோது அம்மா வாசலிலேயே தடுத்தார். "அவன் பேர எழுதாண்டாம் மக்களே, அவன் வருவான்." நான் எழுதவில்லை. கடைசியில் திரும்பி வராதவர்களின் குடும்பங்களுக்கான 20 லட்சம் ரூபாய் நிவாரணத்துக்கு விவரம் கேட்டு ஆட்கள் வந்தபோது அந்தப் பெயர் பட்டியலில் இல்லாமல், நான்கு முறை அலைந்து சேர்த்தோம். அன்று அம்மா கேட்டதை மதித்தது சரியா என்று இன்னும் எனக்கு விளங்கவில்லை.

நாகப்பட்டினத்திலிருந்து, சுனாமி நேரத்தில் வேலை பார்த்தவர்:

2004 டிசம்பர் 26க்குப் பிறகு எங்கள் ரோட்டோரம் பழைய துணி மலைபோலக் கிடந்தது. மழை பெய்து நாறி, மாடுகூடத் தொடவில்லை. நேற்றுவரை சொந்தக் காசில் உடுத்தியவர்களிடம் கிழிந்த புடவையை நீட்டினால் அவர்கள் மனசு என்ன பாடுபடும்? அப்போதிருந்து எங்கள் சபையில் பழைய துணி வாங்குவதே கிடையாது. புதுசு மட்டும், பெண்களுக்கு உள்ளாடையும் நாப்கினும் சேர்த்து. அந்தப் பட்டியலைப் பெண்கள்தான் எடுக்க வேண்டும். ஆண் ஒருவர் நோட்டும் கையுமாக நின்றால் எந்தப் பெண்ணும் வாயைத் திறக்க மாட்டாள்.

ஒன்று கேட்கிறேன் அண்ணே. முதலில் கோயில் கூரையா, வீட்டுக் கூரையா? எங்கள் ஊரில் இதில்தான் சண்டையே வந்தது.

திருச்சியிலிருந்து, மறுபடியும்:

வீடுதான் முதலில் என்று நான் அடித்துச் சொன்னேன் தம்பி. ஊர்ப் பெண்கள் கோயில்தான் முதலில் என்றார்கள். பக்தியில் சொல்கிறார்கள் என்று நினைத்தேன். விஷயம் அதுவல்ல. அந்தத் தெருவில் கல் சுவர் நின்றது கோயிலுக்கு மட்டும்தான். மேலே ஷீட் போட்டுவிட்டால் இருபது குடும்பம் ராத்திரி படுக்கலாம், மழை வந்தாலும் நெல்லும் துணியும் நனையாது. நான்கு நாளில் ஷீட் போட்டோம். எல்லா மதத்துக்காரர்களும் அதற்குள்தான் படுத்தார்கள். கிறிஸ்துமஸ் ஆராதனைக்குப் பாய்களைச் சுருட்டி ஓரமாக வைத்துவிட்டு, முடிந்ததும் மறுபடி விரித்தார்கள்.

2020 நவம்பரில் நிவர் புயல் எச்சரிக்கை வந்தபோது நான் கூப்பிடுவதற்கு முன்பே உபதேசியார் போன் பண்ணிவிட்டார். "புது நோட்டு போட்டாச்சுங்கய்யா. இந்தத் தடவ எண்பத்திநாலு வீடு. தார்ப்பாய் எங்க வாங்கலாம்னு மட்டும் பாத்து வைங்க." புயல் வடக்கே புதுச்சேரிப் பக்கம் போய்விட்டது. அந்த நோட்டைப் பத்திரமாக வைக்கச் சொன்னேன். பாலித்தீன் கவரில் சுற்றி ஆலய அலமாரியில், திருவிருந்துப் பாத்திரங்களுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார்.